ஒன்பது கிண்ணம், ஒரே வரிசை: நாச்சியார்கோயிலில் செய்வித்த ஹனுக்கா விளக்கு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதைத்தான் தேடி வருவீர்கள். பித்தளை 3 கிலோ 200 கிராம், கிலோ 1,100 ரூபாய் கணக்கில் 3,520. புது அச்சு செய்த கூலி தனியாக 1,500. ஆக 5,020. பத்தர் அந்த இருபதை விட்டுக்கொடுத்தார். கொடுத்த காசுக்குப் பொருள் தகும். ஆனால் குடவாசலிலிருந்து நான் நாலு தடவை பஸ் ஏறியதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. "பேரெல்லாம் எழுதிடாதீங்கம்மா, ஆர்டர் வந்தா செய்ய ஆள் இல்ல" என்று அவரே கேட்டுக்கொண்டார். நாச்சியார்கோயிலில் இறங்கி, அரம் தேய்க்கிற சத்தம் கேட்கும் சந்துக்குள் நுழைந்தால் இப்படி நாலைந்து பட்டறைகள் இருக்கின்றன. வெளியே பலகை கிடையாது. வாசலில் கறுத்த வண்டல் மண் குவிந்திருக்கும், அதுதான் அடையாளம்.

விளக்கு எனக்கு இல்லை. இஸ்ரேலில் பேர்ஷேவாவில் ஆறு வருஷம் ஒரு பாட்டியம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அங்கே பாட்டியை சவ்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். சவ்தா பிறந்தது கேரளத்துப் பரவூரில். 1954இல் கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்ட சமயம் அவருக்குப் பதினேழு வயது. எழுபது வருஷம் கழித்தும் மலையாளம் நாக்கை விட்டுப் போகவில்லை. அவர் மலையாளம் பேசுவார், நான் குடவாசல் தமிழில் பதில் சொல்வேன், எங்களுக்குள் சண்டை வரும் அளவுக்குப் புரிந்தது. போன வருஷம் நான் ஊர் திரும்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "மோளே, நம்ம நாட்டுப் பித்தளையில ஒரு ஹனுக்கியா."

ஹனுக்கியா என்பது யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கு ஏற்றும் விளக்கு. எருசலேம் ஆலயத்தை எதிரிகளிடமிருந்து மீட்டுத் திரும்பத் தூய்மை செய்தபோது முத்திரை உடையாத ஒரே ஒரு குப்பி எண்ணெய் கிடைத்ததாம். ஒரு நாளுக்குத்தான் வரும் என்று நினைத்தது எட்டு நாள் எரிந்ததாம். அதற்காக யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு இரவு. முதல் இரவு ஒன்று, மறுநாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போய் எட்டாம் இரவு எட்டு. எட்டில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று ஷம்மாய் என்ற அறிஞரின் கட்சியும், கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஹில்லேல் கட்சியும் அந்தக் காலத்தில் வாதாடியிருக்கின்றன. ஜெயித்தது ஹில்லேல். பத்தரிடம் இதைச் சொன்னபோது அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "நம்ம கல் கருடன் மாதிரி" என்றார். இந்த ஊர்க் கோயிலில் கருடன் வெளியே வர வரத் தூக்குகிற ஆள் நாலு, எட்டு, பதினாறு என்று கூடுமே, அது. இதைவிட நல்ல விளக்கத்தை நான் யாரிடமும் கேட்டதில்லை.

சரி, விளக்குக்கு வருகிறேன். முதலில் போனது பட்டறைக்கு இல்லை, கண்ணாடி போட்ட ஒரு பெரிய கடைக்கு. விற்கிற பையன் நேராக மூன்றடி உயர ஐந்துமுகக் குத்துவிளக்கின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அன்னம் வைத்தது, பளபளப்பானது, பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். "ஃபாரின்ல எல்லாரும் இதத்தான்கா எடுத்துட்டுப் போறாங்க" என்றான். போட்டோ எடுத்து சவ்தாவின் பேரனுக்கு அனுப்பினேன். பேரன் யெஷிவா என்ற யூத மதப் பள்ளியில் மதச் சட்டம் படித்தவன். பதிலுக்கு நாலு வாய்ஸ் மெசேஜ் வந்தது, ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம்.

அவன் சொன்னதன் சாரம் இதுதான். ஒரே கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிச் சுற்றிலும் திரி போட்டால் அது எத்தனை திரியானாலும் விளக்காகாது, நெருப்பு மூட்டம் ஆகிவிடும். ஒரு ஆளுக்கு ஒரு விளக்கு என்றுகூட அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துத் திரிகளைப் பிரித்து வைத்தால்தான் திரிக்கு ஒன்று. யூத அறிஞர்களின் பழைய வாதங்களைத் தொகுத்த தல்மூதில் உள்ள பேச்சு இது, 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சுல்ஹான் அரூக் என்ற சட்ட நூலிலும் அப்படியே இருக்கிறது. மூக்கு மூக்காகப் பிரிந்த விளக்கானால் மூக்குக்கு ஒரு விளக்கு என்று கணக்கு உண்டு, ஆனாலும் வட்டமாக வேண்டாம், வரிசையாக இருக்கட்டும் என்றான். உயரத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: தரையிலிருந்து மூன்று பிடிக்கு மேலே, பத்துப் பிடிக்குள்ளே சுடர் எரிவது நல்லது. பத்துப் பிடி என்றால் சுமார் 80 சென்டிமீட்டர். மூன்றடி விளக்கின் சுடர் அதைத் தாண்டிவிடும். பையனிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? "அப்புறம் வர்றேன் தம்பி" என்று வந்துவிட்டேன்.

அகல் அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். மலிவு, உடைந்தாலும் போகட்டும் என்று. அதற்கும் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. மண் விளக்கு ஒரு ராத்திரி எரிந்தாலே பழசு. மறு ராத்திரிக்குப் புதுசு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையதை நெருப்பில் சுட்டு எடுக்க வேண்டும். உலோகமும் கண்ணாடியும் மெருகிட்ட மண்ணும் துடைத்தாலே போதும். ஒன்று முதல் எட்டு வரை கூட்டினால் 36 அகல். நம் வீட்டிலும் போன வருஷத்து அகலில் எண்ணெய்க் கறை பிடித்துவிட்டால் அம்மா கார்த்திகைக்குத் திரும்ப எடுக்க மாட்டார். "பிசுக்கு அகல்ல லட்சுமி உட்காருவாளா" என்பார். அந்தச் சட்டம் எழுதியவருக்கும் அம்மாவுக்கும் ஒரே மூக்கு.

ஆக, பித்தளை. ஆக, பட்டறை.

பத்தருக்கு எழுபது வயதிருக்கும். நான் காகிதத்தில் போட்ட படத்தைக் கண்ணாடி இல்லாமல் எட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒம்பது எதுக்கு? ஏழாப் பண்ணிடுவோம், பார்க்க லட்சணமா இருக்கும்" என்றார். ஏழு மட்டும் கூடவே கூடாது என்பதுதான் வேடிக்கை. ஆலயத்தில் இருந்தது ஏழு கிளை. அதுபோலவே ஒன்று செய்து வீட்டில் வைத்துக்கொள்ளத் தடை. ஐந்து செய், ஆறு செய், எட்டு செய், ஏழு செய்யாதே என்று தல்மூத் எண்ணிச் சொல்கிறது. ஒன்பதாவது கிண்ணம் வேலைக்காரன், ஷமாஷ் என்பார்கள். அந்த எட்டுச் சுடரைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் காசு எண்ணக்கூடாது, புத்தகம் படிக்கக்கூடாது. அதனால் பக்கத்தில் வேலைக்கென்று ஒரு விளக்கு, அது மற்றவற்றிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும். வட்டம் ஏன் வேண்டாம், கிண்ணம் ஏன் தனித்தனி என்றும் சொன்னேன். பத்தர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒண்ணா எரிஞ்சா சொக்கப்பனை, தனித்தனியா எரிஞ்சாத்தான் விளக்கு. சரிதானே?" என்றார். பேரன் மூன்று நிமிஷம் பேசியதை ஒரு மூச்சில் முடித்துவிட்டார்.

பன்னிரண்டு நாளில் தருவதாகச் சொன்னார். இருபத்தாறு நாளானது. நடுவில் தீபாவளி, பிறகு ஐப்பசி அடைமழை, "மண்ணு காயலம்மா" என்று போனில் ஒரே பதில். இதைக் குறை என்றுதான் எழுதுகிறேன். மழைக்காலத்தில் வார்ப்பு வேலை தள்ளிப்போகும் என்பது அவருக்குத் தெரியாதா? முதலிலேயே ஒரு மாதம் என்று சொல்லியிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

வந்த பொருளைச் சொல்கிறேன். பதினாறு அங்குலத்துக்கு ஒரு பட்டை, இரண்டு பக்கமும் தாமரை மொட்டு முடிந்த கால். பட்டையின் மேல் எட்டுக் கிண்ணம் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் முன்னால் சின்ன மூக்கு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாகப் போகும், சுடரோடு சுடர் சேராது. நடுவில் ஒரு சின்னத் தண்டு எழும்பி அதன் தலையில் ஷமாஷ் கிண்ணம், மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயரம். அன்னம் வேண்டாம் என்றதில் பத்தருக்கு மனத்தாங்கல்தான், அதற்குப் பதிலாகத் தண்டில் நாலு வளையம் கடைந்திருக்கிறார். அந்தக் கடைசல் வேலையைக் கையில் தடவிப் பார்த்தால்தான் தெரியும். விரல் எங்கேயும் தடுக்காது. காலும் தண்டும் மறை வைத்துத் தனியாகக் கழற்றலாம். மறை அவ்வளவு கச்சிதம். என் தம்பி கழற்றிப் பார்த்துவிட்டு, "இதச் செஞ்சவருக்கு மறை கழண்டாலும் இது கழலாது" என்றான். பத்தர் காதில் விழவில்லை, நல்லவேளை.

குறைகள் இரண்டு. வலமிருந்து இரண்டாவது கிண்ணத்தின் விளிம்பு மற்றதைவிட அரை நூல் தாழ்வு. சாதாரண விளக்கானால் கண்டுகொள்ளவே மாட்டேன். ஆனால் ஒன்று மேலே ஒன்று கீழே இல்லாமல் ஒரே மட்டத்தில் இருப்பது நல்லது என்று அவர்கள் வழக்கம். ஒரு ஸ்கேலை மேலே வைத்துக் காட்டியதும் மற்ற ஏழையும் அரத்தால் தேய்த்து மட்டத்துக்குக் கொண்டுவந்தார். முணுமுணுக்காமல் செய்தார் என்று சொன்னால் பொய். இன்னொன்று பெரிது. வீட்டில் கொண்டுவந்து எண்ணெய் ஊற்றி வைத்தால், காலையில் இடமிருந்து மூன்றாவது கிண்ணத்தின் அடியில் பட்டை நனைந்திருக்கிறது. வார்ப்பில் காற்று நின்று ஊசி முனை அளவு ஓட்டை. மறுபடி பஸ். அடியில் பற்றாசு வைத்து அடைத்தார், காசு வாங்கவில்லை. திருப்பிப் பார்த்தால் வெள்ளையாக ஒரு பொட்டு தெரியும். நீங்கள் எந்தப் பட்டறையில் எடுத்தாலும் ஒரு ராத்திரி எண்ணெய் ஊற்றி வைத்துப் பார்க்காமல் ஊருக்கு அனுப்பாதீர்கள்.

பொட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. கடைசி நாள் விளக்கைத் துடைத்து மனைமேல் வைத்துவிட்டு, பத்தர் வழக்கம்போல் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். முதல் திரியைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஏற்றித்தான் எந்த விளக்கையும் கொடுப்பாராம். நான் கையை நீட்டித் தடுத்துவிட்டேன். வேறு வழிபாட்டில் வைத்த பொருளாக இருக்கக்கூடாது என்பது பேரன் போட்ட முதல் நிபந்தனை. எனக்கே சங்கடமாக இருந்தது, ஒரு பெரியவர் கையைப் பிடித்து நிறுத்துவது என்பது. அவர் சந்தனம் தோய்ந்த விரலோடு அப்படியே கொஞ்சம் நின்றார். பிறகு மூலையில் கிடந்த மர அச்சை இழுத்து அதன் நெற்றியில் பொட்டு வைத்தார். "இது நம்மளோடதுதானே" என்றார்.

அடுத்து எண்ணெய். இது சட்டத்துக்காக மட்டும் செய்த சோதனை இல்லை, எனக்கே தெரிந்துகொள்ள ஆசை. விளக்கு ஏற்றும்போதே கிண்ணத்தில் போதுமான எண்ணெய் இருக்க வேண்டும் என்பது விதி. நட்சத்திரம் தெரிந்த பிறகு அரை மணி நேரம் எரியும் அளவு. ஏற்றிய பிறகு ஊற்றி நிரப்பினால் அது கணக்கில் சேராது. வெள்ளிக்கிழமை இன்னும் சிக்கல். அன்று மாலை யூதர்களின் ஓய்வு நாளான சப்பாத் தொடங்கிவிட்டால் நெருப்பைத் தொட முடியாது, ஆகவே பொழுது சாயும் முன்பே, சப்பாத் விளக்குக்கும் முன்னால், இதை ஏற்றிவிட வேண்டும். அப்படியானால் அன்றைக்கு ஒன்றரை மணி நேரமாவது தாக்குப்பிடிக்கிற கிண்ணம் வேண்டும். சின்னக் கிண்ணம் வைத்த அழகு விளக்குகள் எல்லாம் வெள்ளிக்கிழமையில்தான் மாட்டிக்கொள்ளும்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று கிண்ணத்தில் மூன்று எண்ணெய். மூன்று டீஸ்பூன், 15 மில்லி, அளந்து. ஒரே பஞ்சில் அம்மா உருட்டிய திரி. எந்தத் திரியும் ஆகும், பருத்தி உத்தமம் என்றுதான் அங்கேயும் சொல்கிறார்கள். மரச்செக்கு நல்லெண்ணெய் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம் நின்றது. கும்பகோணத்து சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ஆலிவ் எண்ணெய் இரண்டு மணி பத்து. தேங்காய் எண்ணெய் இரண்டு மணிக்குச் சற்று முன்பே மலையேறிவிட்டது. ஒரே ஒரு தடவை செய்தது, காற்றும் இருந்தது, அதனால் நிமிஷத்தை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வெளிச்சத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. நல்லெண்ணெய்ச் சுடர் மஞ்சள், ஆடி ஆடி எரிந்தது. ஆலிவ் சுடர் வெளுப்பாக, கூர்மையாக, அசையாமல் நின்றது.

இதைப் பேரனிடம் சொன்னதும் சிரித்தான். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலான சங்கதியாம். பாபிலோனில் அபாயே என்ற அறிஞர் தன் குருவைப் பற்றிச் சொல்கிறார்: முதலில் குரு நல்லெண்ணெயைத் தேடித் தேடி வாங்குவார், அது அதிக நேரம் நிற்கும் என்பதற்காக. எல்லா எண்ணெயும் விளக்குக்கு நல்லது, ஆலிவ் சிறந்தது என்று யெஹோசுவா பென் லேவி என்ற அறிஞர் சொன்னதைக் கேட்டபின் ஆலிவுக்கு மாறிவிட்டார், அதன் வெளிச்சம் தெளிவு என்று. நான் திண்ணையில் செல்போன் டைமர் வைத்துக் கண்டுபிடித்ததும் இதேதான். அதே இடத்தில் எழுதுகிற மை கூட்டுவதற்கும் எல்லா எண்ணெயும் ஆகும், ஆலிவ் உத்தமம் என்று வருகிறதாம். எங்கள் பாட்டி கண்மைக்கு விளக்கெண்ணெயைத் தவிர எதையும் தொட மாட்டார். அதை அந்த அறிஞர்களிடம் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. சப்பாத் விளக்குக்கு ஆலிவ் மட்டும்தான் ஆகும் என்று தர்போன் என்பவர் சொல்ல, யோகனான் பென் நூரி எழுந்து நின்று, நல்லெண்ணெய் தவிர வேறு இல்லாத பாபிலோன்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டாராம். ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூதானே சர்க்கரை.

தேங்காய் எண்ணெய் சவ்தாவுக்காகச் சேர்த்தது. பரவூரில் அவர் வீட்டில் அதுதான் எரிந்தது. பாலைவனத்துக் குளிருக்கு அது கிண்ணத்திலேயே உறைந்துபோய், வந்த முதல் வருஷம் அவர் அம்மா அழுதாராம். கடைகளில் 'தீப எண்ணெய்' என்று வாசனை சேர்த்து விற்கிற பாட்டிலையும் ஒரு நாள் ஊற்றிப் பார்த்தேன். திரி கருகி, ஊதுபத்திக் கடையில் உட்கார்ந்தது போல் இருந்தது. வேண்டவே வேண்டாம்.

கார்த்திகை முடிவதற்குள், நவம்பர் கடைசியில், டெல் அவீவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி பெட்டியில் எடுத்துப்போனாள். எண்ணெய் அனுப்பவில்லை. அங்கே விளக்குக்கென்றே ஆலிவ் எண்ணெய் தனியாக விற்கிறது. எட்டு இரவுக்கு ஷமாஷையும் சேர்த்து 44 கிண்ணம், 15 மில்லி வீதம் 660 மில்லி. ஒரு லிட்டர் வாங்கினால் வெள்ளிக்கிழமைக்குத் தாராளமாக ஊற்றலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் 14, ஞாயிறு, முதல் இரவு வீடியோவில் வந்தார்கள். எங்களுக்கு இரவு எட்டே முக்கால். ஜன்னலோரம் விளக்கு. வலக்கோடியில் ஒரு கிண்ணம், நடுவில் ஷமாஷ். சவ்தா தானே ஏற்றினார். பெண்களும் ஏற்ற வேண்டியவர்கள்தான், அந்த அற்புதத்தில் அவர்களுக்கும் பங்கு என்பது சட்டம். சுடர் எரிகிற அரை மணி நேரம் பெண்கள் வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பது வழக்கம். அந்த நேரத்தில் நான் அங்கே பாத்திரம் கழுவப் போனால் சவ்தா கத்துவார். அன்றைக்கும் போனிலேயே, "மோளே, நீ இப்போ என்ன செய்யுற?" என்று கேட்டார். தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைத்தேன்.

19ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ஆறாம் இரவு, போன் வராது என்று தெரியும். எனக்குத்தான் அந்த மூன்றாவது கிண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை இரவு பேரன் செய்தி அனுப்பினான்: ஒன்றைத் தவிர எல்லாம் நின்று எரிந்தன, பட்டை நனையவில்லை, ஐந்தாவது மட்டும் காற்றில் சீக்கிரம் அணைந்தது. அணைந்தால் திரும்ப ஏற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, ஏற்றியதோடு கடமை முடிந்தது என்றும் எழுதியிருந்தான். நம் வீட்டில் விளக்கு பாதியில் மலையேறினால் அம்மா முகம் போகிற போக்கை அவன் பார்க்க வேண்டும்.

அச்சு பட்டறையிலேயே, நெற்றியில் பொட்டோடு இருக்கிறது. அடுத்து செய்கிறவர்களுக்கு அந்த 1,500 கிடையாது என்று பத்தர் சொல்லியிருக்கிறார். கிண்ணம் 25 மில்லிக்குக் குறையாமல் கேளுங்கள், ஸ்கேல் ஒன்று கையில் எடுத்துப் போங்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள். ஐப்பசியில் மட்டும் போகாதீர்கள், யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.